ஒரே கோட்டில் இரண்டு ஊர்கள்

உங்கள் பள்ளி நிலப்படப் புத்தகத்தில் தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்து தெரியும் பக்கத்தைத் திறந்து வையுங்கள். வட அட்சரேகை 10 டிகிரிக் கோட்டின்மேல் ஓர் அளவுகோலைப் படுக்க வையுங்கள். கோலின் இடக்கோடியில், அரபிக்கடல் கரையில் கொச்சி இருக்கும். நடுவில் மதுரையும் அதற்குச் சற்று வடமேற்கே அலங்காநல்லூரும் இருக்கும். வலக்கோடியில், கடலைத் தாண்டி, கோலுக்குச் சற்றுக் கீழே யாழ்ப்பாணம் இருக்கும்.

அலங்காநல்லூரிலிருந்து கொச்சி நேர்கோட்டில் சுமார் 200 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் சுமார் 210 கிலோமீட்டர். அதாவது, அலங்காநல்லூர் ஏறக்குறைய சரி நடுவில் இருக்கிறது.

இப்போது ஆண்டு மழையளவைப் பாருங்கள். கொச்சியில் ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர். மதுரைச் சமவெளியில் ஏறத்தாழ 850. யாழ்ப்பாணத்தில் ஏறத்தாழ 1250. ஒரே கோட்டில் உள்ள மூன்று ஊர்களில் நடுவில் இருப்பதற்குத்தான் மழை குறைவு. ஏன் இப்படி?

இன்னொரு கேள்வியும் உண்டு. கத்திரி வெயிலில் அலங்காநல்லூர் கொதிக்கிறது. அதே நாட்களில் யாழ்ப்பாணத்து வெப்பமானி ஐந்து, ஆறு டிகிரி குறைவாகவே காட்டுகிறது. அப்படியானால் யாழ்ப்பாணத்தில் வாழ்பவருக்கு வெயில் தொல்லை இல்லை என்று சொல்லிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சூரியன் பாரபட்சம் காட்டுவதில்லை

முதலில் சூரியனைச் சந்தேகப்படுவோம். ஓர் ஊரின் வெப்பம், சூரியக் கதிர்கள் அங்கே எவ்வளவு செங்குத்தாக விழுகின்றன என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்வது அட்சரேகை. அலங்காநல்லூர் யாழ்ப்பாணத்தைவிட நாற்பது கிலோமீட்டர்தான் வடக்கே உள்ளது. பூமியின் அளவுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

இரண்டு ஊர்களிலும் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு மாதக் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. அந்த நாட்களில் நண்பகலில் ஒரு கம்பை நேராக நட்டால் நிழல் அதன் காலடியிலேயே மறைந்துவிடும். பகல் பொழுதின் நீளமும் இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி பத்து நிமிட அளவே.

ஒரே ஒரு சிறு வேறுபாடு உண்டு. யாழ்ப்பாணம் கிழக்கே இருப்பதால் அங்கே சூரியன் ஏறக்குறைய எட்டு நிமிடம் முன்னதாக உதிக்கிறது. இந்தியாவும் இலங்கையும் இப்போது ஒரே நேரத்தைப் பின்பற்றுவதால், இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் ஒப்பிட்டு இதைச் சரிபார்க்கலாம். ஆனால் எட்டு நிமிட வேறுபாடு தட்பவெப்பத்தை மாற்றிவிடாது.

ஆகவே சூரியன் இரண்டு ஊர்களுக்கும் ஒரே அளவு வெப்பத்தைத்தான் அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளும் முறையில்தான் வேறுபாடு இருக்க வேண்டும்.

கல்லும் தண்ணீரும்

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு தட்டில் உலர்ந்த மணலையும் இன்னொரு தட்டில் தண்ணீரையும் சம எடையில் எடுத்து வெயிலில் வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். மணல் சுடும், தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இரண்டையும் நிழலுக்கு மாற்றினால் மணல் விரைவில் ஆறிவிடும். தண்ணீர் மெதுவாகத்தான் ஆறும்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிராம் உலர்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதைத் தண்ணீரின் தன்வெப்பம் அதிகம் என்று சொல்வார்கள். கடலுக்கு வேறு வசதிகளும் உண்டு. அதில் விழும் வெப்பத்தை அலைகள் கலக்கி ஆழத்துக்குக் கொண்டுபோகின்றன. ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடுகிறது. நிலத்திலோ வெப்பம் மேல்தோலிலேயே தங்கி நிற்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எந்த ஊரும் கடலிலிருந்தோ கடல்நீரேரியிலிருந்தோ பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. நிலம் சூடேறத் தொடங்கியதும் கடற்காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. அலங்காநல்லூருக்கோ கடல் நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்து காற்று வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிடும். காற்றின் குளிர்ச்சியும் வழியிலேயே கரைந்துவிடும்.

மே மாதத்தில் மதுரைச் சமவெளியின் சராசரிப் பகல் உச்சம் ஏறத்தாழ 38 டிகிரி செல்சியஸ். சில நாட்களில் 40ஐயும் தாண்டும். இரவில் அது 26க்கு இறங்கும். யாழ்ப்பாணத்தில் பகல் உச்சம் சராசரியாக 32, 33 டிகிரி. ஆனால் இரவில் 27க்குக் கீழே இறங்குவது கடினம். முதல் ஊரில் பகலுக்கும் இரவுக்கும் 12 டிகிரி இடைவெளி. இரண்டாவது ஊரில் அதில் பாதிகூட இல்லை. நிலம் கடன் வாங்கியதை அன்றிரவே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கடல் மெல்ல வாங்கி மெல்லத்தான் கொடுக்கிறது.

மார்கழி, தை மாதங்களிலும் இதே கதைதான். அலங்காநல்லூரில் விடியற்காலையில் 20 டிகிரி அளவுக்குக் குளிர்ந்து, வயல்களின்மேல் பனி படர்ந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் அவ்வளவு குளிர் இராது.

வியர்வை சொல்லும் உண்மை

வெப்பமானி காட்டும் எண் ஒன்று. உடம்பு உணரும் வெப்பம் வேறொன்று. நம் உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வையால். வியர்வை சுரந்தால் மட்டும் போதாது. அது ஆவியாக வேண்டும். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் உடம்பில் வழிந்துகொண்டே இருக்கும்.

இதை அளக்க ஓர் எளிய வழி உண்டு. வெப்பமானியின் குமிழை ஈரத் துணியால் சுற்றி விசிறினால், துணியிலிருந்து நீர் ஆவியாகும் அளவுக்கு எண் இறங்கும். இறங்கி நிற்கும் அந்த எண்ணே ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வையால் உடம்பு எவ்வளவு தூரம் குளிரமுடியும் என்பதற்கு அது ஓர் எல்லைக்கோடு.

இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கணக்கிடுவோம். காற்று 38 டிகிரியிலும் ஒப்பு ஈரப்பதம் 35 விழுக்காட்டிலும் இருந்தால் ஈரக்குமிழ் 25 டிகிரி காட்டும். இது அலங்காநல்லூரின் வறண்ட கோடைப் பிற்பகலைப் போன்றது. காற்று 33 டிகிரியிலும் ஈரப்பதம் 75 விழுக்காட்டிலும் இருந்தால் ஈரக்குமிழ் 29 டிகிரி காட்டும். இது கடலோரப் புழுக்கத்தைப் போன்றது. வெப்பமானி ஐந்து டிகிரி குறைவாகக் காட்டிய இடத்தில், உடம்புக்கு நான்கு டிகிரி அதிகச் சுமை!

ஆகவே ஒரு பாடம். அலங்காநல்லூரில் வயலில் வேலை செய்பவருக்கு ஆபத்து, நேர் வெயிலும் உடம்பு நீர் வற்றுவதும். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே அவருக்குத் தெரியாது. நிழலும் குடிநீரும் அவரைக் காக்கும். யாழ்ப்பாணத்தில் வேலை செய்பவருக்கு ஆபத்து, வியர்வை உலராததும் இரவிலும் உடம்பு ஆறாததும். நிழல் மட்டும் அவருக்குப் போதாது, காற்றோட்டமும் வேண்டும். மண்பானைத் தண்ணீர் மதுரையில் சில்லென்று இருப்பதும் கடலோரத்தில் அவ்வளவு குளிராததும் இதே காரணத்தால்தான்.

மலை தடுத்த மழை

இனி மழைக்கு வருவோம். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து கொச்சிக் கரையில் ஏறுகிறது. உள்ளே சிறிது தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏறியாக வேண்டும். மேலே ஏறும் காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்கமுடியாது. மேகம் திரண்டு மழை கொட்டுகிறது.

காற்று மலையைத் தாண்டியபின் என்ன ஆகிறது? ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 28 டிகிரியில் உள்ள காற்று 1500 மீட்டர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மேகம் உண்டாகும்வரை, முதல் 500 மீட்டரில், கிலோமீட்டருக்குப் 10 டிகிரி வீதம் 5 டிகிரி குறையும். மேகம் உண்டான பின் நீராவி நீராக மாறும்போது மறை வெப்பத்தை வெளிவிடுவதால் குளிர்ச்சி பாதியாகும். அடுத்த 1000 மீட்டரில் ஏறத்தாழ 5 டிகிரிதான் குறையும். மலையுச்சியில் காற்று 18 டிகிரி.

இப்போது நீரை இழந்த காற்று கிழக்கே 1300 மீட்டர் இறங்கிச் சமவெளிக்கு வருகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறும். இம்முறை மேகம் இல்லை. கிலோமீட்டருக்குப் 10 டிகிரி முழுமையாக ஏறும். 18உடன் 13ஐக் கூட்டுங்கள். 31 டிகிரி! ஏறும்போது 28ஆக இருந்த காற்று, இறங்கும்போது 31ஆகவும் வறண்டதாகவும் வருகிறது. மழையையும் கொச்சிப் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு, சூட்டை மட்டும் நம்மிடம் கொண்டுவருகிறது. ஆடிக்காற்று அம்மியைப் பறக்கவிட்டாலும் மழை தராத காரணம் இதுதான். இத்தகைய இடத்தை மழை மறைவுப் பகுதி என்கிறோம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மதுரைச் சமவெளியில் விழும் ஏறத்தாழ 300 மில்லிமீட்டரும் பெரும்பாலும் பருவக்காற்று நேரே தந்ததல்ல. பகல் சூட்டில் நிலத்திலிருந்து மேலெழும் காற்று சிறுமலை, அழகர்மலைப் பக்கம் இடிமேகமாகத் திரண்டு, ஆவணி, புரட்டாசி மாலைகளில் பொழிவது.

யாழ்ப்பாணத்தில் இதே காற்றுக்குச் சோழகம் என்று பெயர். பனைமரங்களை அலைக்கழித்துக்கொண்டு மாதக்கணக்கில் வீசும். ஆனால் மழை மதுரையைவிடவும் குறைவு. அங்கே தடுக்கும் மலை பக்கத்தில் இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். அதுதான் காரணம். காற்றில் ஈரம் இருந்தால் போதாது. அது மேலே ஏறவேண்டும். குடாநாடு தட்டை நிலம். ஏற்றிவிட ஏணி இல்லாததால் ஈரம் தலைக்கு மேலாகவே கடந்துபோகிறது. மலை ஓர் ஊருக்கு மழையைத் தடுக்கிறது. மலை இல்லாமையே இன்னோர் ஊருக்கு மழையைத் தவறவிடுகிறது.

ஐப்பசியும் கார்த்திகையும்

அக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வங்கக்கடலைக் கடந்துவரும் வடகிழக்குப் பருவக்காற்று இரண்டு ஊர்களுக்குமே முக்கிய மழையைத் தருகிறது. கொச்சிக்கு ஆனி எப்படியோ, நமக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஐப்பசியும் கார்த்திகையும் அப்படி.

இதிலும் ஒரு வேறுபாடு உண்டு. மதுரையில் பொதுவாக அக்டோபரே அதிக மழை மாதம். யாழ்ப்பாணத்தில் நவம்பர், டிசம்பரிலும் நல்ல மழை தொடரும். அக்டோபரில் நிலம் இன்னும் சூடாக இருக்கிறது. கிழக்கிலிருந்து ஈரமும் வரத் தொடங்குகிறது. சூடும் ஈரமும் சேர்ந்து உள்நாட்டில் இடி மழை பொழிகிறது. நவம்பரில் மழை வளையம் தெற்கே நகர்ந்து, வங்கக்கடலின் தென்மேற்கு மூலையில் தாழ்வு மண்டலங்கள் உருவாகின்றன. அவற்றின் முன்வாசலில் இருப்பது யாழ்ப்பாணம். அலங்காநல்லூர் இருப்பது கொல்லைப்புறத்தில். நூறு கிலோமீட்டர் நிலத்தைக் கடந்துவருவதற்குள் ஈரத்தின் ஒரு பகுதி தீர்ந்துவிடுகிறது.

முன்வாசலில் இருப்பவருக்கு மழை மட்டும் வருவதில்லை, புயலும் வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல், அதற்குமுன் இலங்கையின் வடபகுதியைத் தாக்கிவிட்டே வந்தது. 2020 டிசம்பரில் வந்த புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவில் வலுவிழந்தது. இப்படிப்பட்ட புயல்கள் மதுரைச் சமவெளிக்கு வரும்போது பெரும்பாலும் சீற்றம் தணிந்து, கண்மாய்களை நிரப்பும் மழையாக மாறியிருக்கும்.

தை பிறக்கும்போது இரண்டு ஊர்களிலும் மழைக்காலம் ஓய்கிறது. இரண்டு ஊர்களிலும் பொங்கல் பானை வைக்கிறார்கள். தை மூன்றாம் நாள் அலங்காநல்லூர் வாடிவாசல் திறக்கும்போது வானம் பெரும்பாலும் தெளிந்திருப்பதும், குடாநாட்டில் காலபோக நெல் அறுவடைக்கு வருவதும் ஒரே பருவக்காற்றின் விளைவுகள்தாம்.

மழை நின்ற பிறகு

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் சுமார் 4047 சதுர மீட்டர். ஆகவே 850 மில்லிமீட்டர் மழை, ஓர் ஏக்கரில் 34 லட்சம் லிட்டருக்கு மேல்! கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருபோக நெல்லுக்கே ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். ஆண்டு முழுவதும் விழும் மழை ஒரு போகத்துக்கே பற்றாது. பிறகு அலங்காநல்லூர் வயல்களில் இரண்டு போகம் விளைவது எப்படி?

இங்கேதான் மனிதன் குறுக்கிடுகிறான். மலைக்கு மேற்கே கொட்டி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். 1895இல் அந்த வேலை முடிந்தது. 1959இல் வைகை அணை வந்தது. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை, அலங்காநல்லூரை உள்ளிட்ட பகுதி, பெரியாறு கால்வாயின் இருபோகப் பாசனப் பகுதி ஆனது. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் இறக்கி வைத்த மழைதான் குகைவழியாக வந்து இந்த வயல்களில் பாய்கிறது. அலங்காநல்லூரின் தட்பவெப்பம் வறண்டது. அதன் வயல்களோ இரண்டு பருவக்காற்றுகளின் நீரைக் குடிப்பவை.

யாழ்ப்பாணத்துக்கு இந்த வழி இல்லை. குடைய மலையும் இல்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. ஆனால் அதற்கு வேறொரு தேக்கம் உண்டு. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மூன்று மாத மழை அதன் பிளவுகளில் இறங்கித் தங்குகிறது. நன்னீர் கடல்நீரைவிட இலேசானது. எனவே நிலத்தடியில் உப்புநீரின்மேல் நன்னீர் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிட இரண்டரை விழுக்காடு அதிகம். இதிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது: கடல் மட்டத்துக்குமேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும்.

கணக்கின் மறுபக்கம் அச்சமூட்டுவது. அளவுக்கு மீறி இறைத்து மேல்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், கீழேயிருந்து உப்புநீர் அதைப் போல நாற்பது மடங்கு மேலேறப் பார்க்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவல். மோட்டாருக்குக் களைப்பு இல்லை. உப்பேறிய கிணற்றை மீட்க எத்தனையோ மழைக்காலங்கள் வேண்டும். கடல்நீரேரிகளைத் தடுத்து நன்னீர் ஏரிகளாக மாற்றலாம் என்று 1950களில் பொறியாளர் ஆறுமுகம் ஒரு திட்டம் வகுத்ததும் இந்தக் கவலையால்தான்.

மதுரைப் பக்கம் அடியில் இருப்பது கடினப் பாறை. அதில் வெடிப்புகளில் மட்டுமே நீர் நிற்கும். கண்மாய் நிறைந்தால் கிணறு ஊறும். கண்மாய் தூர்ந்தால் கிணறும் வற்றும். இங்கே கமலை இறைத்தார்கள். அங்கே துலா மிதித்தார்கள். இன்று இரண்டு இடத்திலும் மோட்டார். அங்கே மீறினால் உப்பு வரும். இங்கே மீறினால் ஒன்றுமே வராது. அவ்வளவுதான் வேறுபாடு.

பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைவிட ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. அந்த ஒரு டிகிரி எல்லா ஊரிலும் ஒரே வேலையைச் செய்யாது. அலங்காநல்லூரில் அது கண்மாய் நீரை விரைவாக ஆவியாக்கும். நண்பகல் வயல் வேலையைக் கடினமாக்கும். யாழ்ப்பாணத்தில் இரவின் புழுக்கத்தைக் கூட்டும். கடல் மட்டம் உயர்ந்து கிணறுகளை நெருக்கும். நோய் ஒன்றானாலும் மருந்து ஊருக்கு ஊர் வேறு.

நீங்களே அளக்கலாம்

நேர்ச்சுவருள்ள ஒரு தகர டப்பாவை மரமும் கூரையும் மறைக்காத திறந்த இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலை ஒரே நேரத்தில், உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை அடிக்கோலால் மில்லிமீட்டரில் அளந்து எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். இரண்டு வெப்பமானிகள் கிடைத்தால் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, இரண்டையும் நிழலில் தொங்கவிட்டு, விசிறியபின் எண்களைக் குறியுங்கள்.

ஒரு நாளைய எண் வானிலை. தட்பவெப்பம் என்பது பல ஆண்டு எண்களின் சராசரி. அறிஞர்கள் முப்பது ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறார்கள். சராசரியை மட்டும் நம்பவும் கூடாது. 850 என்ற சராசரிக்குள் 500 பெய்த ஆண்டும் ஒளிந்திருக்கலாம். 1200 பெய்த ஆண்டும் ஒளிந்திருக்கலாம். உழவர் வாழ்வது சராசரியில் அல்ல, அந்தந்த ஆண்டில்.

கடலுக்கு அப்பால் உறவினரோ நண்பரோ இருந்தால், அவரையும் அதே நாட்களில் அளக்கச் சொல்லுங்கள். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அங்கே டப்பா நிறைந்து, மறுநாள் இங்கே நிறைவதைக் காணலாம். அப்போது இரண்டு நாடுகளின் வானமும் ஒன்றே என்பதை உங்கள் அடிக்கோலே உங்களுக்குக் காட்டும்.